ஹெல்மெற்றுக்குள் ஒரு மூச்சு

என் கணவர் இறந்து, அடுத்த வசந்தத்தில் அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. ஸ்ரௌவ்வில் என்ற சின்ன நகரத்துக்கு வடக்கே, இன்னும் சோளம் முளைக்காத வயல்களுக்கு நடுவே போகிற ரோட்டில், அவருடைய மோட்டார் சைக்கிளை நான் தனியே ஓட்டிக்கொண்டிருந்தேன். மூக்கால் இழுத்து விடுகிற மூச்சு. விட்டு முடியும் இடத்தில் மெல்லிய ஒரு விசில். இருபது வருடம் கேட்ட விசில் அது. எனக்கு அதில் சந்தேகம் வராது.

நான் பேய் பிசாசுக்குப் பயந்த ஆள் இல்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்துகிற பஸ்ஸை ஓட்டுகிறவளை எந்தப் பிசாசு வந்து என்ன செய்துவிடும்? காலையில் பஸ்ஸில் ஏறுமுன் அதைச் சுற்றிவந்து டயர், லைற், பிரேக், கதவு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் சட்டம். அந்தப் பழக்கத்தில் வீட்டில் கேத்தலைக்கூடச் சுற்றிப் பார்த்துத்தான் அடுப்பில் வைப்பேன். பழுது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் இல்லாத பழுது கிடையாது என்று நினைக்கிறவள்.

வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பதுகளின் கடைசியில் ஜப்பானில் செய்த, தூரப் பயணத்துக்கான பெரிய மோட்டார் சைக்கிள். ஆறு சிலிண்டர். இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, ரேடியோ, கசற், சோபா மாதிரிப் பின்சீற். நாங்கள் அஜின்கோர்ட்டில் இருந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் அவர் அதை வாங்கினார். எங்கள் சனம் கார் வாங்கும், வீடு வாங்கும், பிறகு இன்னும் பெரிய வீடு வாங்கும். இது என்ன புதுக்கூத்து என்று சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை என்று நானும் திட்டினேன். திட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமை பின்னால் ஏறி இருந்தேன்.

அந்த வண்டியில் இன்ரர்கொம் உண்டு. ஓட்டுகிறவரின் ஹெல்மெற்றுக்குள் ஒரு மைக், காதோடு ஒரு சின்ன ஒலிபெருக்கி. பின்னால் இருக்கிறவருக்கும் அப்படியே. இரண்டையும் வயரால் வண்டியில் கொழுவவேண்டும். யார் கதைத்தாலும் இரண்டு ஹெல்மெற்றிலும் கேட்கும். கதைத்தவருக்கே தன் குரல் திரும்பி வரும். முதல் தடவை என் குரலைக் கேட்டு நானே வெட்கப்பட்டேன்.

"இருந்திட்டீரோ?" என்பார்.

"ஓம், எடுங்கோ."

அதற்குப் பிறகு வீட்டில் கதைப்பதைவிட ரோட்டில் அதிகம் கதைத்தோம். முகம் பார்க்காமல் கதைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கதை ஓய்ந்தால் அந்த மூச்சு வரும்.

"என்னப்பா, குக்கர் விசிலடிக்குது?" என்று சீண்டுவேன்.

"வயசு போகுதெல்லே," என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார்.

அவர் போன வருடம் ஐப்பசியில் போனார். வேலைத்தலத்தில் தேத்தண்ணி குடிக்க இருந்தவர் எழும்பவில்லை. வண்டி கராஜில் நின்றது. வழக்கமாகக் குளிருக்கு முன்னர் பெற்றோல் கெடாமல் மருந்து ஊற்றி, பற்றரியைக் கழற்றி உள்ளே கொண்டுவருவார். அதைச் செய்ய ஆள் இருக்கவில்லை. பங்குனியில் நான் சாவியைத் திருகியபோது ஒரு லைற்கூட மினுங்கவில்லை. காபரேற்றருக்குள் பெற்றோல் காய்ந்து பிசினாகிப் போயிருந்தது.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. மனுசன்தான் செத்தார், வண்டியும் சாகவேண்டுமா? புதுப் பற்றரி வாங்கினேன். அவர் வைத்திருந்த தடித்த பழுதுபார்ப்புப் புத்தகத்தைச் சமையலறை மேசையில் விரித்தேன். யூடியூப்பில் யாரோ ஒருவர் செய்வதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, காபரேற்றர்களைக் கழற்றி, தலைமயிர் நுழையுமளவுத் துளைகளைச் செப்புக் கம்பியால் குத்தித் துப்புரவாக்கினேன். எண்ணெய் மாற்றினேன். பிரேக்கின் பழைய எண்ணெயை இரத்தம் எடுப்பது மாதிரி வடித்துப் புது எண்ணெய் விட்டேன். எங்கே கைவைத்தாலும் அவர் ஒட்டிய கறுப்பு ரேப். ஒரு வயர் அறுந்தால் அதற்கு மேல் பத்துச் சுற்றுச் சுற்றி, மூட்டு வருத்தக்காரனின் முழங்கால் மாதிரி ஆக்கி வைத்திருப்பார். ஒவ்வொன்றையும் வெட்டும்போது அவரைத் திட்டினேன். திட்டுவதற்கு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

சனி ஞாயிறுகளில் ஒரு கல்லூரியின் கார் நிறுத்துமிடத்தில், என் மகளிலும் இளைய பெடியங்களோடு நின்று மோட்டார் சைக்கிள் ஓடப் பழகி, லைசென்ஸ் எடுத்தேன்.

முதல் தூர ஓட்டத்துக்கு முன்னர் அவர் வருடாவருடம் செய்வதை நானும் செய்தேன். வண்டியை ஸ்காபரோவில் கோயில் முன்றலுக்குக் கொண்டுபோய், ஐயரைக் கொண்டு சந்தனமும் குங்குமமும் வைத்து, இரண்டு சில்லுக்கும் அடியில் இரண்டு தேசிக்காய் வைப்பது. கார்க்காரருக்கு நாலு தேசிக்காய், எங்களுக்குப் பாதி லாபம் என்று பகிடி விடுவார். தேங்காயை உடைத்ததும் மற்றவர்கள் தண்ணீரை நிலத்தில் விட்டுவிடுவார்கள். இவர் மட்டும் பாதித் தேங்காயை ஏந்திவந்து வண்டியின் முகத்தில் ஊற்றுவார். "அபிஷேகம்" என்பார். அதையும் நான் விடாமல் செய்தேன்.

அடுத்த நாள்தான் வடக்கே போனேன். அவருடைய ஹெல்மெற்றை வீட்டில் விட்டுப் போக மனம் வரவில்லை. பின்சீற்றில் வைத்து இறுக்கிக் கட்டினேன். அதன் வயரையும் வண்டியில் கொழுவினேன். என்னுடைய பழைய ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக அதன் வயரை முன்பக்கத்தில் கொழுவினேன்.

ரோட்டில் ஆள் இல்லை. எஞ்சின் சீராகப் போனது. பயம் தெளிந்து தோள் இரண்டும் இறங்கிய நேரத்தில் காதுக்குள் அந்த மூச்சு தொடங்கியது.

கண்ணாடியில் பின்சீற்றைப் பார்த்தேன். கறுத்த ஹெல்மெற், முகக்கண்ணாடி கீழே விட்டபடி, என் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தது. "இஞ்சேருங்கோ?" என்றேன். மூச்சு நின்றது. நான் பேசாமல், காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஒன்றும் இல்லை. சரி, பிரமை என்று நினைத்து அடுத்த வளைவை எடுத்தேன். திரும்பவும் வந்தது.

அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான். நான் கதைத்தால் அது நிற்கும். உற்றுக் கேட்டால் ஒளித்துக்கொள்ளும். நான் மறந்துபோய் ரோட்டைப் பார்த்தால் மெல்ல வரும். உயிரோடு இருக்கையிலும் அவர் அப்படித்தான், கூப்பிட்டால் வரமாட்டார், வேலையாக இருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். எனக்குப் பயம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஓடினேன். மகள் சொன்னது, வீட்டு வரி கூடினது, பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டது எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுக் காத்திருப்பேன். மூச்சு வரும். அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் பஸ் ஓட்டுகிற மூளை சும்மா இருக்கவில்லை. பழுதுக்குக் காரணம் இருக்கவேண்டும். மைக் ஒன்று காற்றைப் பிடிக்கிறதோ?

அவருடைய ஹெல்மெற்றின் வயரைக் கழற்றிவிட்டு ஓடினேன். மூச்சு இருந்தது. ஹெல்மெற்றையே வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன். அப்போதும் இருந்தது. முதுகுக்குப் பின்னால் வெறும் சீற். காதுக்குள் அவர்.

என்னோடு பஸ் ஓட்டுகிற சிநேகிதி ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். அவளும் யாழ்ப்பாணம்தான். அவள் திடுக்கிடவில்லை.

"ஆட்டைத் திவசம் முடியுமட்டும் ஆள் சுத்திக்கொண்டுதான் நிக்கும்," என்றாள். "அதுக்குப் பிறகு போயிடும். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

"போயிடுமோ?"

"போகத்தானே வேணும்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வருடம் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

மகளுக்கு வேறு கவலை. அவள் நகரத்துக்குள் ஒரு கொண்டோ மாடிவீட்டில் இருக்கிறாள். "வின்ரர் வரமுதல் உந்த வண்டியை வித்துப்போடுங்கோ அம்மா," என்று ஒவ்வொரு முறையும் போனில் சொன்னாள். "நீங்கள் எங்கையாவது ஃபார்ம் ரோட்டிலை விழுந்து கிடந்தா ஆருக்குத் தெரியும்? ஐ ஆல்ரெடி லொஸ்ற் வன்." அவள் சொல்வது நியாயம். வண்டியை வைத்திருப்பதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணம் அந்த மூச்சு. அது பழுது என்றால் விற்கலாம். அது அவர் என்றால், யாரோ ஒரு முகம் தெரியாதவனின் கராஜுக்கு அவரை எப்படி அனுப்புவது?

அதனால் சரியாகக் கண்டுபிடித்துவிடுவது என்று இறங்கினேன். எங்கள் வேலை காலையிலும் பின்னேரமும்தான். நடுப்பகலில் நான் வீட்டில். அந்த நேரம் எங்கள் தெருவில் ஒரு மனிதரைக் காணமுடியாது. எல்லா வீடும் புது வீடு, எல்லாக் கதவும் பூட்டு, எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். நட்ட மரங்கள்கூட இன்னும் நிழல் விழுமளவுக்கு வளரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருட்டே இல்லை. கராஜ் கதவைத் திறந்துவைத்து, நல்ல வெயிலில், வண்டியின் முன்முகத்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றினேன்.

உள்ளே வயர்கள் எல்லாம் வந்து கூடுகிற இடத்தைக் கண்டதும் சிரிப்பு வந்தது. வண்டியின் எர்த் வயர்கள் சேர்கிற கொழுவி முழுவதும் பச்சைக் களிம்பு. அதற்கு மேல் பொருக்காகக் காய்ந்த மஞ்சளும் சிவப்பும். தொட்டு மணந்து பார்த்தேன். சந்தனம், குங்குமம். அத்தனை வருட அபிஷேகத் தண்ணீரும் முகத்தில் இருந்த வெடிப்பால் வழிந்து, நேரே அங்கேதான் போயிருக்கிறது. தேங்காய்த் தண்ணீரில் உப்பும் இருக்கும், சீனியும் இருக்கும். செம்பைத் தின்ன அது போதும். கடைசித் தேங்காய் என் கையால் ஊற்றியது.

எர்த் சரியில்லை என்றால் இன்ரர்கொம்மில் எஞ்சினின் சத்தம் ஏறும் என்று புத்தகத்தில் இருந்தது. எஞ்சின் மூச்சு விடுவது மாதிரிக் கேட்குமோ? கேட்கலாம். மனம் நொந்தது. பழைய பல்பிரஷ்ஷால் தேய்த்து, மருந்து அடித்து, செம்பு மினுங்கும்வரை துப்புரவாக்கினேன். ஒரு பிரேதத்தைக் குளிப்பாட்டுவது போலத்தான் இருந்தது. முடித்துப் பூட்டி, ரோட்டுக்கு எடுத்தேன்.

காதுக்குள் எப்போதும் இருந்த இரைச்சல் சுத்தமாகப் போய்விட்டது. அவ்வளவு அமைதியை அந்த வண்டியில் நான் கேட்டதே இல்லை. போய்விட்டார் என்று நினைத்தேன். கண் கலங்கி ரோட்டு மங்கியது. அப்போது அந்த அமைதிக்குள் மூச்சு வந்தது. முன்னரைவிடத் தெளிவாக, முன்னரைவிடக் கிட்டவாக. விசிலின் நுனியில் ஈரம் இருப்பதுகூடக் கேட்டது.

உடனே திரும்பி வந்தேன். கராஜுக்குள் விட்டு எஞ்சினை நிற்பாட்டினேன். சாவியை ரேடியோ மட்டும் வேலை செய்கிற இடத்தில் வைத்துக்கொண்டு, ஹெல்மெற்றைக் கழற்றாமல் சீற்றிலேயே இருந்தேன். எஞ்சின் இல்லை. காற்று இல்லை. பின்னால் மைக் இல்லை. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. என்னை மறந்து சுவரில் தொங்கிய பனித் தள்ளியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இழுத்து, விட்டு, விசில். இழுத்து, விட்டு, விசில்.

எல்லாக் காரணத்தையும் கழித்தாயிற்று. அன்று பின்னேரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகையில் என்னையறியாமல் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தேன். அது சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன்.

திவசத்துக்கு முதல் நாள் மகள் வந்தாள். வந்ததும் வராததுமாக விற்கிற கதையை எடுத்தாள். யாரோ பார்க்க வருகிறான், ஆளைப் பிடித்துவிட்டேன் என்றாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், டொக்டரிடம் எப்போது கூட்டிக்கொண்டு போகலாம் என்று யோசிப்பது தெரிந்தது.

"நீ ஒருக்கா வந்து இருந்து கேள்," என்றேன். "உனக்கும் கேட்டால் வண்டி நிக்கும். கேக்காட்டி நாளைக்கே குடு. நான் ஒரு சொல்லுச் சொல்லமாட்டன்."

"ப்ரொமிஸ்?"

"ஓம்."

அவள் தகப்பனின் ஹெல்மெற்றைப் போட்டாள். பெரிது. தலைமயிரைக் கொண்டையாக்கி உள்ளே தள்ளி இறுக்கினாள். பின்சீற்றில் ஏறி இருந்தாள். நான் முன்னால். இரண்டு வயரையும் கொழுவி, எஞ்சினை எடுக்காமல் சாவியை மட்டும் திருகினேன்.

"என்ன கேக்கவேணும்?" அவள் குரல் என் காதுக்குள் வந்தது.

"கதையாதை. பொறு."

நான் உற்றுக் கேட்டேன். ஒன்றும் இல்லை. இன்னும் உற்றுக் கேட்டேன்.

"அம்மா, நதிங்."

"பொறு எண்டுறன்."

இவ்வளவு நாளும் வந்துவிட்டு, இன்றைக்கா வராமல் விடப்போகிறார்? நாளைய படையலுக்கு வாழைக்காய் வாங்கினேனா, ஐயருக்கு வேட்டி எடுத்து வைத்தேனா என்று மனம் எங்கேயோ போனது. அப்போது வந்தது. இழுத்து, விட்டு, விசில்.

நான் அசையவில்லை. மெதுவாகக் கேட்டேன். "கேக்குதோ?"

"ஓம்," என்றாள். "கேக்குது."

"கேக்குதோ! நான் சொன்னன்தானே. உது அப்பா."

பின்சீற்றில் அவள் அசைவது தெரிந்தது. எனக்குக் கண்ணீர் முட்டியது. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் என் தோளில் கைவைத்தாள்.

"அம்மா. உது நீங்கள்."

"என்ன?"

"உங்கட மூக்கு. சின்னனிலை உங்களுக்குப் பக்கத்திலை படுக்கேக்கை ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறன். ஐ நோ தற் சவுண்ட்." அவள் தோளை அழுத்தினாள். "மூச்சைப் பிடியுங்கோ."

பிடித்தேன். நின்றது.

"விடுங்கோ."

விட்டேன். விசில்.

நம்பாமல் திரும்பவும் பிடித்தேன். நெஞ்சு வெடிக்கும்வரை பிடித்தேன். இரண்டு ஹெல்மெற்றுக்குள்ளும் ஒரு சத்தமும் இல்லை. உற்றுக் கேட்கிற ஒவ்வொரு முறையும் நான் மூச்சை அடக்கியிருக்கிறேன். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அவர் ஒளித்தார். சுற்றிவந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறவள், சீற்றில் இருக்கிறவளைத் தொட்டுப் பார்க்கவில்லை. கோடை முழுவதும் நான் என்னோடுதான் கதைத்திருக்கிறேன்.

அது ஒரு அடி. அதற்குள்ளிருந்து அடுத்த அடி வந்தது. கோடை மட்டும் இல்லை. அந்த இருபது வருடமும், பின்னால் இருந்து நான் கேட்டதும், குக்கர் என்று சீண்டினதும் என்னுடைய மூச்சைத்தான். அவருக்கு அப்படி ஒரு மூச்சே இருக்கவில்லை. அது அவருடைய காதுக்கும் போயிருக்கிறது. ஆறு சிலிண்டரில் எது சரியாக அடிக்கவில்லை என்று ரோட்டில் போகிறபோதே காதால் சொல்கிற மனுசன். அது எந்த மைக்கில் இருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஒரு நாள்கூட "உது நீர்தானப்பா" என்று சொல்லவில்லை. வயசு போகுது என்று தன் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சொல்லியிருந்தால் சிரித்திருப்போமே. இப்போது யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? நான் உயிரோடு பின்னால் இருக்கிறேன் என்பதை ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுக்கொண்டு ஒருவர் எனக்கு முன்னால் வண்டி ஓட்டினார். அது நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்த அன்று அதைக் கேட்க அவர் இல்லை.

நான் அழத் தொடங்கினேன். மைக் அதையும் விடவில்லை. என் அழுகை முழுவதும் எனக்கே திரும்பி வந்தது, அசிங்கமாக, மூக்கைச் சிந்துகிற சத்தத்தோடு. அது அவளுக்கும் போய்க்கொண்டிருந்தது. சாவியை நிற்பாட்டக் கையை நீட்டினேன்.

"விடுங்கோ அம்மா," என்றாள் மகள். "கொஞ்ச நேரம் இருங்கோ."

வண்டியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. தகப்பனின் ஹெல்மெற்றைக் கழற்றவும் இல்லை.